சங்கிலியக்காவின் நான்கு நிமிடம்

“கடைசிப் படகு ஆறு நாப்பதுக்குன்னு போர்டுல எழுதியிருக்கு. நீங்க தினமும் ஆறு நாப்பத்திநாலுக்குத்தான் விடறீங்க. அது ஏன்க்கா?”

டீச்சர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். படகுத்துறையைக் கவனிக்கும் சங்கிலியக்கா ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். அந்தத் தகரக் கூரை அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் டீச்சரை உட்காரவைத்துவிட்டு, தான் ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“கேக்கறது நீயா, மாப்பிள்ளையா?”

“மாப்பிள்ளைதான். எனக்கென்ன, நீங்க சொன்னா எழுதிக்குவேன். அதுக்குத்தான் காரணம் வேணும்.”

“ஆத்துல அந்த நேரம் இழுப்பு ஜாஸ்தி. கொஞ்சம் அடங்கட்டும்னு நிறுத்தறேன்.”

டீச்சர் மடிக்கணினியில் தட்டி மாப்பிள்ளையிடம் கேட்டாள். திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நீரோட்டம் அந்த நாலு நிமிஷத்துல மாறறதே இல்லைங்குதுக்கா. அஞ்சு மாசக் கணக்கு வச்சிருக்கு.”

“அப்படியா சொல்லுது? சரி, இன்ஜின் சூடாகணும்னு போட்டுக்க.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த படகோட்டிக்கு அது பொறுக்கவில்லை. எந்த நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருப்பதால் துறையில் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர். “என் இன்ஜினை ஏன்க்கா வம்புக்கு இழுக்கறீங்க? காலையிலேர்ந்து ஓடிட்டிருக்கு. இதுக்கு மேல சூடானா குளிக்க வெந்நீர்தான் போடலாம்.”

“நீ சும்மா கெட.” அக்கா டீச்சர் பக்கம் திரும்பினாள். “வயசானவங்க மெதுவா நடந்து வருவாங்க. போதுமா?”

“வயசானவங்களோட பயணக் கார்டு வேற நிறம். கடைசிப் படகுல அவங்க வர்றது ரொம்பக் கம்மியாம்.”

“யம்மா! இத்தனை நாக்கு நீளமான மாப்பிள்ளைய எங்கேர்ந்து புடிச்சீங்க? நான் சொல்றது பூராம் பொய்யிங்குதா?”

“பொய்னு சொல்லலைக்கா. மத்ததோட ஒட்டலைன்னு சொல்லுது.”

“ஒட்டலைன்னா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். அலுவலகத்தில் இதைச் சொல்ல அவளுக்கு வேறு மொழியும் வேறு வார்த்தைகளும் உண்டு. இங்கே அவை செல்லாது.

“வீட்டுக்கு உறவுக்காரங்க நிறையப் பேர் வந்திருக்காங்கன்னு வச்சுக்கங்க. ரெண்டே ரூம். சில பேருக்குள்ள நல்ல ஒட்டுறவு. சில பேருக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. சண்டை எவ்வளவு குறையுமோ அப்படிப் பார்த்துப் பிரிச்சு உக்கார வைக்கணும். மாப்பிள்ளை செய்யறது அதுதான். உள் ரூம்ல உக்கார்றவங்க சொல்றபடி நடக்கும். வெளி ரூம்காரங்களைக் கண்டுக்காது. ‘நேரத்துக்குக் கிளம்பு’ உள்ள உக்காந்தாச்சு. ‘அந்தக் கரையில ஏழு அஞ்சு பஸ்ஸைப் பிடிக்க வை’ உள்ள இருக்கு. ‘டீசலை வீணாக்காதே’ அதுவும் இருக்கு. மூணும் கூடப்பொறந்த மாதிரி ஒத்துமை. இப்ப உங்க நாலு நிமிஷம் வாசல்ல வந்து நிக்குது. மூணு பேருக்கும் அதைப் பிடிக்கலை. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போக யாராவது வேணும்.”

“யாரும் இல்லைன்னா?”

“வெளியதான்.”

அக்கா ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். “நியாயந்தானே. எந்த வீட்டுலதான் ஆதரவு இல்லாதவங்களை உள்ள கூப்பிட்டிருக்காங்க” என்றாள். கடிகாரம் ஆறு இருபத்தைந்து காட்டியது. ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். பேச்சு அத்துடன் முடிந்தது.

மாப்பிள்ளை என்று அவர்கள் சொன்னது ஒரு கணினி நிரலை. மூன்று துறைகளிலும் படகு புறப்படும் நேரத்தைத் தானே தீர்மானிக்கப்போகிற நிரல் அது. முதல் ஆறு மாதம் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும், மனிதர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகக் கேமரா வந்தது, ஏசி வந்தது, தூசி படாமல் இருக்கக் கண்ணாடி அலமாரி வந்தது. துரும்பைக்கூட நகர்த்தாமல் இத்தனை மரியாதையும் வாங்கிக்கொண்டதைப் பார்த்துக் கொட்டாவிதான் அதற்கு அந்தப் பெயரை வைத்தான். மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவளை டீச்சர் ஆக்கியதும் அவன்தான். அவள் அதிகம் பேசாதவள். மறுத்துப் பேசாததால் பெயர் நிலைத்துவிட்டது.

கற்றுக்கொள்வதில் மாப்பிள்ளை கெட்டிதான், ஆனால் எதைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் திரையில் இப்படி ஒரு வரி வந்தது: ‘ஓட்டுநர் தேநீர் முடிக்கவில்லை, கடைசிப் படகு புறப்பட இயலாது.’ அந்த நான்கு நிமிடத்தில் கொட்டாவி தவறாமல் ஒரு தேநீர் குடிப்பான். குவளையை வைத்த மறு நொடி படகு கிளம்பும். தினமும் இதையே பார்த்த மாப்பிள்ளை, தேநீர் முடிந்த பிறகுதான் படகு புறப்பட வேண்டும் என்பது துறையின் சட்டம் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு வாரத்துக்குக் கொட்டாவியைக் கையில் பிடிக்க முடியவில்லை. “சட்டமே என் டம்ளர்லதான்டா இருக்கு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். டீச்சர் அந்த விதியை வெளி அறைக்கு அனுப்பினாள். ஆனால் தேநீர் காரணம் இல்லையென்றால் எதுதான் காரணம் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதைக் கேட்கத்தான் அன்று அவள் அக்காவின் அறைக்குப் போனாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஆற்றுக்கு ஒரு பக்கம் ஆலைகள், மறுபக்கம் வீடுகள். ஆலைக்கரை, வீட்டுக்கரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அக்கா குடியிருந்தது வீட்டுக்கரையில், வேலை ஆலைக்கரைத் துறையில். இருபது வயதில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தாள், முப்பதில் துறையின் வாசல் சங்கிலி அவள் கைக்கு வந்தது. படகு நிறைந்ததும் சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டுவாள். மாட்டிவிட்டால் மேலாளரே வந்து நின்றாலும் அடுத்த படகுதான். விரல் நசுங்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை அதில் சுற்றி வைத்திருந்தாள். சங்கிலியக்கா என்ற பெயர் அப்படி வந்தது. கடைசிப் படகை அனுப்பும்போது தானும் அதில் ஏறி வீடு திரும்புவாள்.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாடியில் இரண்டு அறை. சமையலறையில் இரட்டை அடுப்பு. ஒன்றில்தான் சமையல். மற்றதை வாரம் ஒரு முறை கழற்றி, துளை துளையாக ஊசி விட்டு அடைப்பெடுத்துத் திரும்ப மாட்டிவைப்பாள். “எரிக்கறதே இல்லையேக்கா, எதுக்கு இது?” என்று டீச்சர் கேட்டாள். “எரிக்கறப்ப எரியணும்ல” என்றாள் அக்கா. டீச்சர் மேலே தோண்டிக் கேட்கவில்லை. இருவருக்கும் அந்த வகையில் நன்றாக ஒத்துப்போனது.

மாதக் கடைசியில் மாப்பிள்ளை பொறுப்பேற்கும், சங்கிலி இருந்த இடத்தில் மின்கதவு வரும், அக்கா வீட்டுக்கரையில் கார்டு கொடுக்கும் கவுன்டருக்கு மாறுவாள் என்று முடிவாகியிருந்தது. அக்கா அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். “நாலு நிமிஷம் நிக்குமா?”

டீச்சர் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். “காரணம் இருந்தா வை, இல்லைன்னா தூக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஏன் நின்னுதுன்னு என்னையத்தான் கேப்பாங்க” என்றார் அவர். அவர் சொன்னதும் தப்பில்லை.

பொறுப்பேற்பதற்குப் பத்து நாள் முன்பு ஒரு வியாழக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். மின்கதவைப் பொருத்தியாகிவிட்டது. கடைசிப் படகை மாப்பிள்ளையே அனுப்பும், மனிதர்கள் குறுக்கே வரக்கூடாது. ஆறு முப்பத்தெட்டுக்குக் கொட்டாவி தேநீர்க் குவளையைக் கையில் எடுத்து, நினைவு வந்து, திரும்ப வைத்துவிட்டான். ஆறு நாற்பதுக்குக் கதவு மூடத் தொடங்கியது. சாலையில் ஒரு குருவிகூட இல்லை.

“அக்கா, ஏறுங்க!” என்று டீச்சர் படகிலிருந்து கத்தினாள். அக்கா ஏறவில்லை. கதவுக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். டீச்சர் ஒரே தாவலில் வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. படகு சங்கு ஊதிவிட்டு நகர்ந்தது. பின்பக்கத்தில் நின்று கொட்டாவியின் உதவியாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

அக்கா ஆறு நாற்பத்திநாலு வரை நின்றாள். பிறகு, “நீ எதுக்கு எறங்கின? பைத்தியம்” என்றாள்.

“நீங்க எதுக்கு ஏறலையோ அதுக்குத்தான்.”

“வா. பாலம் சுத்தி பஸ் போகும். ரெண்டு மணி நேரம். உக்காந்தே இடுப்பு விட்டுரும்.”

பேருந்தில் ஆலை ஆட்கள் ஏழெட்டுப் பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். புதிதாகப் பேருந்தில் ஏறியவள் மாதிரி ஒவ்வொரு நிறுத்தத்தையும் எட்டிப் பார்த்தாள்.

“இந்த பஸ்ல நான் இதுவரைக்கும் வந்ததே இல்லை” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “இதுல அவ வந்திருக்கலாம்” என்றாள்.

“யாருக்கா?”

தங்கை. பதினான்கு வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, தாய்க்குத் தாயாக இவள்தான் வளர்த்தாள். தலைப்பின்னல், பள்ளிக் கட்டணம், காய்ச்சல் எல்லாமே இவள் பொறுப்பு. பெரியவளானதும் பாட்டில் ஆலையில் வேலை. ஓடும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து விரிசல் கண்டுபிடிக்க வேண்டும். அக்காவும் தங்கையும் காலையில் ஒரே படகில் வருவார்கள், மாலையில் ஒரே படகில் திரும்புவார்கள். அப்படி ஆறு வருடம்.

“ஒரு நாள் காலையில வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, போகட்டுமான்னு கேட்டா. நான் வேண்டாம்னேன். ஏன்னு கேட்டா. ஏன்னு சொல்லத் தெரியலை எனக்கு. வேண்டாம்னா வேண்டாம்தான்னேன். ‘நீ அந்தக் கடியாரத்தைக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்து, எனக்கு வேற பொழப்பு இருக்கு’ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.” அக்கா சிரிக்கப் பார்த்தாள். “வாய் ஜாஸ்தி அவளுக்கு. நான் கொடுத்த இடம்.”

பேருந்து பாலத்தில் ஏறியது. கீழே ஆறு கறுப்பாகத் தெரிந்தது.

“அன்னைக்குச் சாயங்காலம் ஆறு நாப்பது. எல்லாரும் ஏறியாச்சு. அவ ரோட்டுல ஓடி வர்றா. பாத்துட்டேன். ஒரு கையில அறுந்த செருப்பு, ஒரு கையில டிபன் டப்பா. இன்னும் ஒரு நிமிஷம் இருந்தா வந்திருப்பா. நேரம் ஆச்சுல்ல? சங்கிலிய மாட்டிட்டேன். ஊதச் சொல்லிட்டு நானும் ஏறிட்டேன். அவ வந்து சங்கிலிய ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு நின்னா. திட்டலை, கூப்பிடலை. நானும் ஒரு வார்த்தை சொல்லலை. பஸ்ல வரட்டும், ரெண்டு மணி நேரம் உக்காந்து யோசிக்கட்டும்னு நினைச்சேன்.”

“வரலையா?”

“பதினோரு வருஷம் ஆகுது. ஒரு போஸ்ட் கார்டு போட்டா. நல்லா இருக்கேன், தேட வேண்டாம்னு. விலாசம் இல்லை.”

மறுநாளிலிருந்துதான் அந்த நான்கு நிமிடம். முதலில் ஒரு நிமிடம் என்றுதான் ஆரம்பித்தாளாம். தங்கை ஓடி வந்த தூரத்தை ஒரு நாள் தானே நடந்து பார்த்து, செருப்பறுந்த காலோடு வந்தால் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டு நான்கு என்று வைத்தாளாம். “என்னைக்காவது பழைய ஆலைக்கு ஏதாவது காகிதம் வாங்க அவ வந்தா? கடைசிப் படகுக்குத்தானே ஓடி வருவா. அவளுக்கு நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதும்மா.”

டீச்சர் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. வழி அவள் கையிலேயே இருந்தது. ‘ஒருவர் வரக்கூடும்’ என்று ஒரு வரி எழுதி, அதற்கு மலையளவு கனம் கொடுத்தால் போதும், மற்ற மூன்றும் வாயடைத்துப் போகும். நான்கு நிமிடம் உள்ளே போய்விடும். ஆனால் அது மாப்பிள்ளையின் காதைத் திருகி ஆமாம் சொல்ல வைப்பது. அதோடு, அக்கா பதினோரு வருடம் யாரிடமும் சொல்லாததை, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை.

அதற்குப் பதிலாகப் பயணச்சீட்டுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதுவரை அவர்கள் கொடுத்திருந்தது படகு வாரியான மொத்தக் கணக்கு மட்டும். ஒவ்வொரு கார்டும் எந்த நிமிடம் தட்டப்பட்டது என்ற விவரம் அவர்களிடமே தங்கியிருந்தது. யாரும் கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை. கார்டு முறை வந்த ஒன்பது வருட விவரமும் நான்காவது நாள் வந்து சேர்ந்தது. டீச்சர் கடைசிப் படகை மட்டும் பிரித்து, ஆறு நாற்பதுக்குப் பிறகு ஏறியவர்களை எண்ணும்படி மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

அறுநூற்றுப் பதினேழு பேர்.

அடுத்த நாள் மதியம் அதை அக்காவிடம் சொன்னபோது, அவள் ஃபிளாஸ்கைத் திறந்த கையோடு அப்படியே நின்றாள்.

“அத்தனை பேரா?”

“அஞ்சு நாளைக்கு ஒருத்தர்க்கா. அதிகமா ஆலையில கடைசி ஷிஃப்ட் கூட்டிப் பெருக்கறவங்க. போன வாரம்கூட ரெண்டு பேர் ஏறியிருக்காங்க. உங்க கைக்குக் கீழ புகுந்துதான் போயிருக்கணும்.”

“கறுப்பா மை ஒட்டின கையோட ஒருத்தர்…” அக்கா நினைவுபடுத்திப் பார்த்தாள். “இல்லை. முகம் ஞாபகம் வரலை. யாராவது வந்தா, அவ இல்லைன்னு தெரிஞ்சதும் மறுபடி ரோட்டைப் பாக்க ஆரம்பிச்சிடுவேன்.” குரல் இறங்கியது. “ஒருத்தரைக்கூட வாங்கன்னு சொன்னதில்லை பாரு.”

“அவங்கதான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்கக்கா.”

“எதை?”

“நாலு நிமிஷத்தை. மாப்பிள்ளை ஒத்துக்கிச்சு.”

டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘வேலை முடித்து வருகிறவர்களைக் கரையில் விட்டுவிடாதே’ என்பது முதலிலிருந்தே உள் அறையில்தான் இருந்தது. அதற்குத் துணை இல்லாததால் ஒரு மூலையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தது. அறுநூற்றுப் பதினேழு பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அதற்குத் தெம்பு வந்துவிட்டது. ஏழு ஐந்து பேருந்தும் நான்கு நிமிடத் தாமதத்தால் தவறியதில்லை என்று மாப்பிள்ளையே சரிபார்த்துச் சொன்னது. மேலாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“ஆனா…” டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சொல்லு.”

“ரோட்டுல ஆள் வர்றது கேமராவுல தெரிஞ்சா நிக்கும். நாலு நிமிஷம் வரைக்கும் நிக்கும். யாரும் தெரியலைன்னா ஆறு நாப்பதுக்கே கிளம்பிடும். காலி ரோட்டுக்காக நிக்கறதுக்கு எவ்வளவு தேடியும் துணை கிடைக்கலைக்கா.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே இரண்டு மணிப் படகுக்கு ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கொட்டாவி யாரிடமோ வாயடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

“காலி ரோட்டைப் பாத்துட்டு நிக்கறது என் வியாதி” என்றாள் கடைசியில். “அது மிஷினுக்கு எதுக்கு? அதாவது ஒழுங்கா இருக்கட்டும்.” தேநீரை ஊற்றினாள். பாதி மூடியில் விழுந்தது, பாதி மேசையில். துணியால் துடைத்தபடியே கேட்டாள். “அவ ஓடி வந்தா தெரியுமா அதுக்கு?”

“யார் வந்தாலும் தெரியும்.”

“திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா?”

“தெரியாதுக்கா.”

“அப்ப படகு போனப்புறம் வந்து கதவைப் புடிச்சிட்டு நிப்பாங்க.”

“ஆமா.”

“அவங்ககிட்ட அது ஏதாவது பேசுமா?”

“பேசும். ‘நேரம் முடிந்தது, கதவு திறக்காது’ன்னு ரெண்டு பாஷையிலயும் சொல்லும். நான்தான் எழுதினேன்.”

அக்கா துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். தொப்பியை எடுத்தாள், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். டீச்சரிடம் அவள் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. அன்று கேட்டாள்.

“அதை மாத்தி எழுதறியாம்மா? யாரு என்னன்னு அதுக்குத் தெரிய வேண்டாம். பாலம் சுத்திப் போற பஸ் எங்க நிக்கும்னு சொல்லட்டும். காலையில முதல் படகு ஆறு பத்துக்கு, வந்துடுங்கன்னு சொல்லட்டும்.”